ஒட்டகக்காரர் உறங்கும் ஊரில் ஒரு கூண்டு வண்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லைக்குக் கிழக்கே 17 மைல் தொலைவில், குவார்ட்ஸைட் என்றோர் ஊர் இருக்கிறது. ஊர் என்று சொல்லவே சற்றுத் தயக்கமாக இருக்கும். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே நிலையாக வாழ்வோர் இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர்தாம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது கடைகளில் பெரும்பாலானவை அடைத்துக் கிடக்கும்; தெருவில் நாயும் நடமாடாது. ஃபீனிக்ஸ் நகரிலிருந்து இன்டர்ஸ்டேட் 10 என்னும் பெருஞ்சாலையில் மேற்கே விரைவோர், பெட்ரோல் போட மட்டுமே அங்கே நிற்பார்கள்.

ஆனால் ஜனவரி மாதத்தில் அங்கே சென்று பாருங்கள்! ஊரைச் சுற்றியுள்ள சரளைக்கல் சமவெளி முழுவதும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள், வண்டிகள், வண்டிகளே நிற்கும். வடக்கே பனியில் உறைந்து கிடக்கும் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வெயிலைத் தேடி வரும் முதியோர்தாம் அவர்களில் பெரும்பாலோர். ஒரு குளிர்காலத்தில் வந்து போவோரை லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். நம்மூர்க் கந்தூரிக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கே அது வியப்பாக இருந்தது. ஒரு வேறுபாடு: இங்கே கொட்டு முழக்கம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் அவரவர் வண்டிக்குள் அடங்கிவிடுகிறார்கள். பாலைவனம் பழையபடி மௌனமாகிவிடுகிறது.

2019 ஜனவரியில் ஃபீனிக்ஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகனுடன் நான் அங்கே சென்றது இந்தக் கூட்டத்தைப் பார்ப்பதற்காக அன்று. ஒரு கபரைப் பார்ப்பதற்காக.

ஹாஜி அலீயின் கபர்

ஊரின் மேற்கோரத்தில் பழைய இடுகாடு ஒன்று உண்டு. அதன் நடுவே பளிங்குக் கற்களாலும் கல்லாகச் சமைந்த மரத்துண்டுகளாலும் கட்டிய சிறு பிரமிடு ஒன்று நிற்கிறது. உச்சியில் செப்புத் தகட்டால் ஆன ஓர் ஒட்டகம். அரிசோனா நெடுஞ்சாலைத் துறை 1935-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் இது. இதன் கீழே உறங்குகிறவரை அந்நாட்டார் 'ஹை ஜாலி' என்கிறார்கள். என்ன பெயர் இது என்று திகைக்க வேண்டாம். 'ஹாஜி அலீ' என்னும் பெயர் அமெரிக்கப் படைவீரர்களின் நாவில் பட்ட பாடுதான் அது!

ஒட்டகத்துக்கும் அமெரிக்காவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1850-களில் மேற்குப் பாலைவனங்களின் வழியே படைக்குச் சாமான் கொண்டு செல்வது பெரும்பாடாக இருந்தது. கோவேறு கழுதைகள் தாகத்தால் மாண்டன. அன்றைய போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ், ஒட்டகங்களைத் தருவித்தால் என்ன என்று எண்ணினார். 1855-இல் நாடாளுமன்றம் அதற்கென 30,000 டாலர் ஒதுக்கியது. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் ஒட்டகங்களை வாங்கி ஏற்றிய கப்பல், 1856 மே மாதம் டெக்சாஸ் கரையில் 34 ஒட்டகங்களை இறக்கியது. அடுத்த ஆண்டு மேலும் 41 வந்தன. ஒட்டகம் மட்டும் வந்தால் போதுமா? அதன் மொழி தெரிந்தவர் வேண்டுமே! அப்படி அழைத்து வரப்பட்டவர்களுள் ஒருவர்தாம் சிரியா தேசத்தில் பிறந்த அலீ. இளமையிலேயே ஹஜ்ஜுக்குச் சென்று வந்ததால் ஹாஜி அலீ என்று பெயர் பெற்றவர் என வரலாறு எழுதியோர் கூறுவர்.

1857-இல் எட்வர்ட் பீல் என்பவர் நியூமெக்சிகோவிலிருந்து கொலராடோ ஆறு வரை வண்டிப்பாதை ஒன்றை அளந்தபோது 25 ஒட்டகங்கள் உடன் சென்றன. கொலராடோ ஆற்றை ஒட்டகங்கள் நீந்தியே கடந்தன. குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் சில மூழ்கிப் போயின. ஒட்டகம் தன் வேலையைச் செவ்வனே செய்தது என்றே பீல் எழுதினார். ஆனால் 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. டேவிஸ் எதிரணியின் தலைவராகிவிட்டார். அவருடைய ஒட்டகங்களை யார் சீந்துவார்கள்? ஏலத்தில் விற்றுத் தீர்த்தார்கள். ஹாஜி அலீ படைக்குப் பொதி சுமப்பவராக, வழிகாட்டியாக, பிறகு சுரங்கம் தோண்டுபவராகக் காலம் தள்ளினார். 1880-இல் ஃபிலிப் டெட்ரோ என்ற பெயரில் குடியுரிமை பெற்று, டூசான் நகரில் மணம் முடித்தார். இரண்டு பெண் மக்கள் பிறந்தார்கள். 1902 டிசம்பர் 16 அன்று இந்தக் குவார்ட்ஸைட்டில் அவர் ஆயுள் முடிந்தது.

கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் பெயர் எப்படியெல்லாம் சிதைகிறது என்பதை, சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கபரருகே சிறிது நேரம் நின்றோம். அங்கிருந்து திரும்பும் வழியில்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த காட்சியைக் கண்டோம்.

கூண்டு வண்டி

ஊருக்குத் தெற்கே லா போசா என்னும் வெளி இருக்கிறது. அது மத்திய அரசின் நிலம். 1983-இலிருந்து அரசின் நில நிர்வாகத் துறை, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே வண்டியோடு தங்க அனுமதிச் சீட்டு தருகிறது. சுற்றியுள்ள வேறு சில இடங்களில் 14 நாட்கள் இலவசமாகவே தங்கலாம். பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வெளியில் பல லட்சம் டாலர் பெறுமானமுள்ள பேருந்து மாளிகையும் நிற்கும்; அதற்கு நூறடி தள்ளி, பிக்கப் டிரக் ஒன்றின் முதுகில் பழைய கூடு ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் மெத்தை விரித்துப் படுப்பவரும் இருப்பார். இருவருக்கும் ஒரே சரளைக்கல், ஒரே நட்சத்திரங்கள்.

பிக்கப் டிரக் உங்களுக்குத் தெரிந்ததே. முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த தொட்டி. அந்தத் தொட்டியின் மேல் கவிழ்க்கும் கூடுதான் கேம்பர் ஷெல். ஃபைபர்கிளாஸிலோ அலுமினியத்திலோ செய்வார்கள். இருபுறமும் நகரும் சன்னல். பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவு. இதையே சில பகுதிகளில் 'கேப்' என்றும், நடு மாநிலங்களில் 'டாப்பர்' என்றும், வடமேற்கில் 'கனோப்பி' என்றும் சொல்கிறார்கள். இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரம் இதற்கும், வீட்டு வண்டிகள் அனைத்துக்கும் தலைமைப் பட்டறை போன்றது. எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960-இல் நாடு சுற்றக் கிளம்பிய பிக்கப் வண்டி இப்போது கலிஃபோர்னியாவின் சாலினாஸ் நகரில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தில் நிற்கிறது. ஆனால் அவர் வண்டியின் மேல் இருந்தது அடுப்பும் மேசையும் கட்டிலும் கொண்ட முழு அறை. நான் சொல்லும் ஷெல் வெறும் கூடு. உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது.

நம் பெத்தும்மாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: கல்யாண வீட்டுக்கோ ஜியாரத்துக்கோ போகும்போது, மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு வண்டியில், முன்னும் பின்னும் திரை தொங்கவிட்டு, வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்துப் பயணம் போன கதையை. வெயில் படாமல், மழை படாமல், பிறர் கண் படாமல் பெண்களைக் கொண்டு சேர்த்த வண்டி அது. ஷெல்லைப் பார்த்ததும் எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

நாங்கள் கண்டது இதுதான். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மையார், 1995-ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒன்றின் அருகே நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். வீட்டு வாடகை ஓய்வூதியத்தின் பெரும்பகுதியை விழுங்கத் தொடங்கியபோது, வீட்டைக் காலி செய்துவிட்டு வண்டியோடு வந்துவிட்டார். ஒன்பது இரவுகளாக ஓட்டுநர் இருக்கையில் கால்களை மடக்கியே உறங்கியிருக்கிறார். பாலைவனம்தானே என்று எண்ண வேண்டாம். ஜனவரி இரவில் அங்கே ஐந்து டிகிரி வரை குளிரும். முழங்கால் வீங்கியிருந்தது. தொட்டியின் மேல் ஒரு கூடு கிடைத்தால் காலை நீட்டிப் படுப்பார். அவ்வளவுதான் அவருடைய தேவை.

அளவு பார்த்தல்

பழைய ஷெல் ஒன்றை 150 டாலருக்குத் தருவதாக ஒருவர் கொண்டு வந்திருந்தார். "எல்லா ஃபோர்டுக்கும் பொருந்தும், அம்மா! தூக்கி வைத்தால் போதும்" என்றார். புதிதாக வாங்கினால் அன்றைய விலையில் ஈராயிரம் டாலரை நெருங்கும். அம்மையாரின் கை ஏற்கெனவே பணப்பைக்குள் போய்விட்டது.

அப்போது பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பெரியவர் டேப்போடு இறங்கி வந்தார். தச்சுத் தொழில் செய்து ஓய்ந்தவர். ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் தொட்டியை அளந்தார். பின்கதவை மூடிவிட்டு, முன்சுவரின் விளிம்பிலிருந்து பின்கதவு வரை நீளம். பிறகு இருபக்க விளிம்புகளுக்கு இடையே அகலம். அதன்பின் ஷெல்லை அளந்தார். "இது குட்டைத் தொட்டிக்கு ஆனது. ஒன்றேகால் அடி குறைகிறது. குறைந்த இடத்தில் உங்கள் கால்தான் நனையும்" என்றார்.

நேயர்களே, இதில் ஒரு நுட்பம் உண்டு. பிக்கப் தொட்டிகள் ஏறத்தாழ ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என மூன்று நீளங்களில் வருகின்றன. நீளம் ஒத்தாலும் போதாது. அகலமும், விளிம்பின் வளைவும், பின்கதவின் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி, ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். ஃபோர்டில் 1980 முதல் 1996 வரை தொட்டியின் உருவம் பெரிதாக மாறவில்லை; ஆகவே அந்தப் பதினேழு ஆண்டுகளின் ஷெல்கள், தொட்டி நீளம் ஒன்றாக இருந்தால், ஒன்றுக்கொன்று பொருந்தும். 1997-இல் உடம்பு முழுவதும் மாறிவிட்டது. 'எல்லா ஃபோர்டுக்கும்' என்ற சொல் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. விற்பவர் சத்தியம் செய்தாலும் டேப் சொல்வதே சாட்சி.

இரண்டாம் நாள் காலையில், பெரியவரே சந்தையில் தேடி வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். 1990-ஆம் ஆண்டு எட்டடி ஃபோர்டில் இருந்த வெள்ளை நிற ஃபைபர்கிளாஸ் ஷெல். விலை 300 டாலர். பழைய ஷெல்லை அவர் சோதித்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! சமதரையில் வைத்து நான்கு மூலைகளும் தரையில் படிகின்றனவா என்று பார்த்தார். ஒரு மூலை தூக்கினால் கூடு முறுக்கேறியிருக்கிறது என்று பொருள். முன்மூலைகளில் சிலந்தி வலை போல மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவினார். உட்கூரையில் காப்பிக் கறை போன்ற வளையங்கள் இருந்தால் தண்ணீர் கசிந்திருக்கும். சன்னல்களை முழுவதும் ஓட்டிப் பார்த்தார். வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாய் உதிரும் மேற்பூச்சை மட்டும் பொருட்படுத்தவில்லை. "அது அழகு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். முன் இடது மூலையில் மட்டும் சிறு முறுக்கு இருந்தது. அதைக் காட்டி 40 டாலர் குறைத்தார்.

ஏற்றி வைத்தல்

தொட்டியின் விளிம்பை மூடிப் படர்ந்திருந்த பிளாஸ்டிக் உறையை முதலில் கழற்றச் சொன்னார். வழவழப்பான பிளாஸ்டிக் மேல் கிளாம்பு மாட்டினால், ஓட்டத்தில் அது நழுவித் தளர்ந்துவிடுமாம். இரும்பு விளிம்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நுரை ரப்பர் பீடிங்கை இருபக்கமும், முன்சுவர் மீதும் ஒட்டினார். முன்சுவரை மறந்துவிடுவோர் பலர். மழையில் ஓட்டும்போது தண்ணீர் அங்கேதான் புகும்.

எட்டடி ஃபைபர்கிளாஸ் கூடு ஏறக்குறைய நூறு கிலோ இருக்கும். ஆறு பேர் வேண்டும் என்றார் பெரியவர். கேட்டு வாய் மூடுமுன் சுற்று வண்டிகளிலிருந்து நான்கு பேர் வந்துவிட்டார்கள். மருமகனும் நானும் சேர்ந்து ஆறு. பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு மூலையைப் பிடித்தேன். மய்யித்தைத் தூக்குவதில் எப்படி ஒரு தாளம் உண்டோ அப்படி இதிலும் உண்டு: ஒருவர் அவசரப்பட்டால் மற்ற ஐவருக்கும் பாரம். பீடிங் பிதுங்காதபடி, இழுக்காமல், நேராக இறக்கி வைத்தோம்.

ஓட்டுநர் அறைக்கும் கூட்டுக்கும் இடையே ஓர் அங்குலத்துக்குமேல் இடைவெளி விட்டார். ஒட்டினாற்போல் வைத்தால் என்ன என்று மருமகன் கேட்டார். ஓட்டுநர் அறையும் தொட்டியும் சட்டத்தின் மேல் தனித்தனியே அமர்ந்தவை. மேடு பள்ளத்தில் அவை தனித்தனியே முறுகும். ஒட்டி வைத்தால் ஒன்றையொன்று உரசி உடைத்துவிடும் என்று விளக்கம் வந்தது. பிறகு ஆறு அலுமினியக் கிளாம்புகள், பக்கத்துக்கு மூன்று. ஒரே பக்கத்தை முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போவதில்லை. மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக முறுக்கினார். அளவுக்கு மீறி முறுக்கினால் தொட்டியின் விளிம்பே நசுங்கிவிடும்.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. அமெரிக்காவில் 1993 செப்டம்பர் முதல் தயாரான சிறு டிரக்குகளுக்கு, ஓட்டுநர் அறையின் பின்னுச்சியில் மூன்றாவது பிரேக் விளக்கு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இந்த அம்மையாரின் வண்டியிலும் அது இருந்தது. கூட்டை ஏற்றியதும் விளக்கு மறைந்துவிட்டது. கூடோ 1990-ஆம் ஆண்டினது. அதில் விளக்கே இல்லை. சந்தையில் ஒரு பழைய விளக்கை வாங்கிக் கூட்டின் பின்னுச்சியில் பொருத்தினார் பெரியவர். அதற்கான மின்கம்பியைப் பின்பக்கப் பிரேக் விளக்கிலிருந்து எடுக்கவில்லை. அங்கே பிரேக்குக்கும் திரும்பும் சைகைக்கும் ஒரே பல்புதான். அதிலிருந்து எடுத்தால், வண்டி திரும்பும்போதெல்லாம் மேல்விளக்கும் கண் சிமிட்டும். மறைந்துபோன மூன்றாவது விளக்கின் கம்பியிலிருந்தே, இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து இழுத்தார். ஓய்வு பெற்ற தச்சருக்கு எவ்வளவு பொறுமை!

பின்கண்ணாடிக் கதவைத் தாங்கும் கேஸ் தண்டுகள் செத்துப் போயிருந்தன. முன்பு வைத்திருந்தவர் விளக்குமாற்றுக் கட்டையால் முட்டுக் கொடுத்துக் காலம் தள்ளியிருக்கிறார். கண்ணாடிக் கதவு தலையில் இறங்கினால் என்ன ஆகும்? தண்டின் உடலில் அச்சிட்டிருந்த நீளத்தையும் விசையையும் குறித்துக்கொண்டு, அதே அளவில் புதிதாக இரண்டு வாங்கி மாட்டினார்கள். கடைசியில் வாளித் தண்ணீரை முன் விளிம்பில் ஊற்றிச் சோதனை. முறுக்கு இருந்த அந்த இடது மூலையில் சொட்டுச் சொட்டாய்க் கசிந்தது. அங்கு மட்டும் பீடிங்கை இரட்டையாக்கியதும் நின்றது.

உயிர்போகும் விஷயம்

அம்மையார் மகிழ்ச்சியோடு ஒரு சின்னப் புரொபேன் கணப்பை எடுத்து உள்ளே வைத்தார். "இரவு முழுவதும் இது எரிந்தால் இனிக் குளிர் கிடையாது" என்றார். அதுவரை அடங்கிய குரலில் பேசிய பெரியவர், குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். "எரியவிட்டு உறங்கினால் காலையில் எழ மாட்டீர்கள்!"

சகோதரிகளே, இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். அடைபட்ட இடத்தில் எரியும் நெருப்பு, காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்று ஏறும் இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தலை வலிக்கும், மயக்கம் வரும். உறங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. வளைகுடா நாடுகளில் குளிர்காலத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு கரி மூட்டி உறங்கியவர்கள் உறக்கத்திலேயே போய்விட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். நம்மூரில் காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீஸர் செய்வதும் இதே வேலைதான். உங்கள் பிள்ளைகள் வெளிநாட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தால், அடுத்த முறை பேசும்போது இதைக் கேளுங்கள்: "கணப்பு எது வைத்திருக்கிறாய்? சன்னல் திறந்திருக்கிறதா?"

வண்டிக் கூட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், பின்கதவு திறந்திருந்தால் புகைபோக்கியின் புகை வெளியே போகாமல் கூட்டுக்குள்ளேயே இழுபடும். இடுக்கு இருந்தாலும் போதும். எனவே ஓடும்போது கூட்டுக்குள் ஆளை, முக்கியமாகக் குழந்தைகளை, இருத்தவே கூடாது. திரை போட்ட கூண்டு வண்டியை மாடுதான் இழுத்தது. மாடு புகை விடவில்லை.

பெரியவர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. படுக்குமுன் சன்னலைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் கணப்பை எரித்து, அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பையைக் கம்பளிக்குள் வைத்துக்கொள்வது. இரவில் எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டும் ஒரு விரற்கடை திறந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சின் ஈரமே கூரையில் படிந்து மழை போல் சொட்டும். அந்த வாயுவைக் கண்டு அலறும் சிறு கருவி ஒன்று கடையில் கிடைக்கிறது. அம்மையார் கையில் மீதமிருந்த பணத்துக்கு மெத்தையா, அலாரமா என்ற கேள்வி வந்தது. அலாரம் வாங்கினார். மெத்தைக்கு அக்கம்பக்கத்தார் பழைய போர்வைகளை அடுக்கினார்கள்.

இப்படி வண்டியில் வாழ்வதைச் சுதந்திரம் என்று புகழ்ந்து எழுதுவோர் பலர். பாப் வெல்ஸ் என்பவர் இந்த வட்டாரத்தில் 2010 முதல் வண்டிவாசிகளின் ஆண்டுக்கூட்டம் ஒன்றைத் தொடங்கினார்; ஜெசிகா புரூடர் 2017-இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' நூலும், 2020-இல் அது திரைப்படமானதும் இவர்களை உலகறியச் செய்தன. விரும்பி வந்தவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் உலகின் செல்வச் செழிப்பு மிக்க நாட்டில், வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு சமைத்த ஒருவர் முதுமையில் 260 டாலர் கூட்டுக்குள் கால் நீட்ட இடம் கிடைத்ததே பெரிது என்று மகிழ்ந்ததை, சுதந்திரம் என்று எழுத என் பேனாவுக்கு மனமில்லை.

பெரியவர் கூலி வாங்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் உணவு தருவதாக அம்மையார் பிடிவாதம் பிடித்தார். அவித்த பயறு டின்னைத் திறக்கப் போனவர், நாங்கள் முஸ்லிம்கள் என்று அறிந்ததும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு டின்னின் பொடி எழுத்தைப் படித்தார். "இதில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள்" என்று தாமே ஒதுக்கி வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு வேகவைத்து உப்பும் மிளகும் தூவித் தந்தார். அஸர் நேரம் நெருங்கியதும், கிப்லா எந்தப் பக்கம் என்று மருமகன் தேடும்போது, சூரியன் நிற்கும் இடத்தைக் காட்டி அதற்கு உதவ முயன்றவரும் அவரே. கஸராகத் தொழுதுவிட்டு வந்தோம்.

ஏப்ரல் பாதியில் வெயில் ஏறத் தொடங்கியதும் இந்த வெளி காலியாகிவிடும். அவர் வடக்கே, ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கத்துப் பைன் காடுகளுக்கு ஏறப்போவதாகச் சொன்னார். அங்கே கோடையில் மழை உண்டு. இடது மூலையின் இரட்டைப் பீடிங் அப்போதுதான் உண்மையில் சோதிக்கப்படும். நாங்கள் விடைபெறும்போது பெரியவர் அவரிடம் ஒரு பழைய ஸ்பேனரைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட ஓட நுரை ரப்பர் அமுங்கிக் கிளாம்புகள் தளருமாம். நூறு மைல் ஓடியதும் ஆறையும் ஒரு தடவை முறுக்க வேண்டும், மூலைக்கு மூலை மாற்றி. அம்மையார் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டும்வரை அவர் ஸ்பேனரைக் கைவிடவில்லை.